முப்பதாவது பெயர்

பீடோங்
2-5-1943

கிராணியார் பரஞ்சோதி அவர்களுக்கு,

குணவதி எழுதுவது. பெயரைப் பார்த்ததும் மடித்து மேசைக்குள் போட்டுவிடாதீர்கள். நலம் விசாரிக்க எழுதவில்லை. கூடப் பிறந்தவளாக இருந்தும் பன்னிரண்டு வருஷமாக விசாரிக்காத நலத்தை இன்று விசாரித்தால் இருவருக்குமே சிரிப்புத்தான் வரும்.

மீன் வண்டி சுப்பிரமணியம் நேற்று என் கடையில் மரவள்ளிக் கஞ்சி குடித்துக்கொண்டே ஒரு செய்தி சொன்னார். "கிராணி ஐயா லிஸ்ட்டு போடப் போறாராம்லா அக்கா. வேல இல்லாத ஆளுங்கள எல்லாம் சயாமுக்கு ரயில் பாத போட அனுப்பறாங்களாம். மூணு மாசந்தானாம், சோறு துணியெல்லாம் குடுக்கறாங்களாம்" என்றார். போன மாதம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போனவர்களில் ஒருவனாவது வீட்டுக்கு ஒரு வரி எழுதினானா என்று கேட்டேன். அவர் கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்துபோய்விட்டார்.

உங்கள் தோட்டத்தில் இருளப்பன் இருக்கிறான். என் வீட்டுக்காரரின் தம்பி. அவருக்கென்று இந்த மண்ணில் மிச்சம் இருக்கிற ஒரே இரத்தம். என் வீட்டுக்காரரை நீங்கள் மறந்திருக்க முடியாது. 1931-ல் ரப்பர் விலை விழுந்தபோது, ஆள் அதிகம் என்று ஊருக்குத் திருப்பி அனுப்ப ஒரு பட்டியல் எழுதினீர்களே, அதில் முருகையா என்று ஒரு பெயர் இருந்தது. அடுத்த கப்பலில் மனைவிமாரையும் அனுப்புவோம் என்றீர்கள். எனக்கு அந்தக் கப்பல் வரவே இல்லை. நாகப்பட்டினத்தில் இறங்கிய மூன்றாம் மாதம் அவர் பேதியில் போய்விட்டார் என்று ஒரு கார்டு மட்டும் வந்தது.

இருளப்பன் பெயரை எழுதாதீர்கள். இதற்காகத்தான் கடிதம். பதிலைச் சுப்பிரமணியத்திடமே கொடுத்தனுப்பலாம்.

குணவதி


நாலாம் கட்டைத் தோட்டம்
பாடாங் செராய்
11-5-2603

அன்புள்ள குணவதிக்கு,

உன் கையெழுத்து மாறவே இல்லை. மேலே வருஷத்தைப் பார்த்துக் கோபப்படாதே. ஆபீஸ் காகிதத்தில் ஜப்பான் வருஷம்தான் போட வேண்டும், கை அதற்கே பழகிவிட்டது.

பட்டியல் இன்னும் எழுதவில்லை. ஆனால் எழுதச் சொல்லிவிட்டார்கள். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன தோட்டத்துக்கு, கணக்கு எழுதும் கிராணி நான்தான் இப்போது துரை. ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஜூலையில் ஜப்பான் அதிகாரி லாரியோடு வருவார். வேலையில்லாதவர்கள் இருபத்தைந்து பேரை நான் காட்ட வேண்டும். வேலையில்லாதவர்களைத் தேடி நான் எங்கும் போக வேண்டியதில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டு நின்று ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆனாலும் இந்தச் சனம் தினமும் விடியுமுன் பெரட்டுக்கு வந்து வரிசையில் நிற்கிறது. கையில் வாளி, இடுப்பில் வெட்டுக்கத்தி. நான் பெயர் கூப்பிடுகிறேன், "இருக்கேன்" என்கிறார்கள், பிறகு வீட்டுக்குப் போகிறார்கள். அறுபது பேர். அதிகாரி போன முறை வந்து இந்த வரிசையைப் பார்த்துவிட்டுத்தான் இருபத்தைந்து என்று சொன்னார்.

1931 பற்றி எழுதியிருக்கிறாய். விலையை நான் விழவைத்தேனா? 1925-ல் ஒரு ராத்தல் ரப்பர் ஒரு வெள்ளிக்கு மேல் விற்றது. அந்த விலை என்றைக்கும் நிற்கும் என்று நம்பி ஊர் உலகமெல்லாம் காட்டை வெட்டி மரம் நட்டார்கள். மரம் பால் கொடுக்க ஆறேழு வருஷம் ஆகும். அந்தப் பால் வந்த நேரத்தில் அமெரிக்காவில் பாங்குகள் மூடிவிட்டன, கார் வாங்குகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். ராத்தல் ஐந்து காசுக்கும் கீழே இறங்கிற்று. வெட்டுக்கூலிக்கே கட்டாது. துரை ஆளைக் குறை என்றார், குறைத்தேன். இன்று கதை வேறு. வாங்குகிறவன் கடலுக்கு அந்தப் பக்கம் எதிரியாக உட்கார்ந்திருக்கிறான்; கப்பல் கிடையாது. ஆனால் முடிவு அதேதான், வேலை கிடையாது.

மந்தம் என்பது மழை மாதிரி, குணவதி. எங்கோ கறுக்கிறது, இங்கே பெய்கிறது. அதற்காக யார்மேல் வழக்குப் போடுவது? இருளப்பனை விட்டால் அவன் இடத்தில் இன்னொருவனை எழுத வேண்டும். அவனுக்கும் பெண்டாட்டி இருப்பாள். எனக்குக் களைப்பாக இருக்கிறது.

உன் அண்ணன்
பரஞ்சோதி


பீடோங்
19-5-1943

கிராணியார் அவர்களுக்கு,

மழை மாதிரியாம். மழை பெய்தால் குடை வைத்திருப்பவனும் இல்லாதவனும் தெரியும். உங்கள் மழையில் ஒரு கிராணியாவது நனைந்ததை நான் பார்த்ததில்லை.

உங்கள் விலைக் கணக்கு பொய் என்று சொல்லவில்லை. முதல் அடி வெளியிலிருந்துதான் விழுந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தீர்கள், நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன். அவரைக் கப்பலேற்றிய பிறகு பீடோங் பசாரில் ஒரு காப்பிக் கடையில் குவளை கழுவினேன் அல்லவா? அப்போது கூலி குறைந்தவர்கள் காப்பியை நிறுத்தினார்கள். அது நியாயம். ஆனால் கூலி குறையாதவர்களும், நாளைக்கு நமக்கும் குறையும் என்று பயந்து நிறுத்தினார்கள். முதலாளி பால்காரரிடம் பாதிப் பால் போதும் என்றார். பால்காரர் ஒரு மாட்டை விற்றார். புல் வெட்டிக் கொடுத்த ராக்காயிக்கு வேலை போயிற்று. அவள் மகளுக்குப் பாவாடை தைக்கக் கொடுத்திருந்தாள், தையற்காரரிடம் வேண்டாம் என்று திரும்பி வாங்கிக்கொண்டாள். தையற்காரர் தினம் மூன்று வேளை எங்கள் கடையில் காப்பி குடிக்கிறவர். அவரும் வருவதை நிறுத்தினார். பிறகு முதலாளி என்னை நிறுத்தினார்.

நான் வீட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க யோசித்தேன். புல் முளைப்பது நிற்கவில்லை. மாட்டின் மடியில் பால் இருந்தது. குடிக்க வாய் இருந்தது, தைக்கக் கை இருந்தது. எது குறைந்து போயிற்று? அவனவன் தன் வீட்டுக்குப் புத்திசாலியாக நடந்துகொண்டான். எல்லாரும் ஒரே நேரத்தில் புத்திசாலியானதில் ஊர் கெட்டது. என் செலவு உங்கள் வரவு, உங்கள் செலவு என் வரவு. இருவரும் கையை மூடிக்கொண்டால் இருவருக்கும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பாங்கு வேண்டியிருக்கவில்லை.

இப்போதும் அதுதான், கொஞ்சம் தலைகீழாக. அன்று காசைப் பதுக்கினார்கள். இன்று ஜப்பான்காரர்கள் வாழைமரப் படம் போட்ட நோட்டை அச்சடித்துத் தள்ளுகிறார்கள், நேற்று வாங்கிய சாமானை இன்று அந்த நோட்டுக்கு வாங்க முடியவில்லை. ஆகையால் எல்லாரும் சாமானைப் பதுக்குகிறார்கள். சுப்பிரமணியத்தின் சைக்கிள் வண்டியைப் பார்த்தீர்களா? சக்கரத்தில் கயிறு சுற்றி ஓட்டுகிறார். சுற்றிலும் லட்சம் ரப்பர் மரம், டயர் இல்லை! கடலோரம் கோத்தா கோலா மூடாவில் மீன் மக்கிப் போகிறதாம். ஏன் கருவாடு போடவில்லை என்று கேட்டால், "பாக்குல் தாடா, காரம் தாடா" என்கிறார்களாம் அந்த மலாய்க்காரர்கள். கூடை இல்லை, உப்பு இல்லை. உங்கள் தோட்டத்து ஆற்றோரம் மூங்கில் அடர்ந்து நிற்கிறது. பின்னத் தெரிந்த அறுபது பேர் வெறுங்கையோடு வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் கருவாடு கண்டு எத்தனை மாதம் ஆகிறது?

யாராவது ஒருவர் பயப்படாமல் முதலில் கையைத் திறக்க வேண்டும். என் கடைப் பரணில் நான்கு மூட்டை உப்பு இருக்கிறது. சண்டை தொடங்கிய வாரம் வாங்கி ஒளித்து வைத்தது. சாகிற வரைக்கும் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இரண்டு மூட்டை மீன்காரர்களுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு மூட்டை இந்த வண்டியிலேயே உங்களுக்கு வருகிறது. நாற்பது கூடை பின்னித் தாருங்கள். கூடை மூடாவுக்குப் போகும், கருவாடு உங்களுக்கு வரும். மரவள்ளி மாவு இடித்தால் நான் எடுத்துக்கொள்கிறேன்.

வேலையில்லாதவனைத்தானே அனுப்ப வேண்டும்? யாருமே வேலையில்லாமல் இல்லை என்று ஆக்குங்கள். அப்போது எவன் பெயரையும் எழுத வேண்டியதில்லை.

குணவதி


நாலாம் கட்டைத் தோட்டம்
8-6-2603

அன்புள்ள குணவதிக்கு,

உப்பு வந்தது. முதல் மூன்று நாள் யாரும் தொடவில்லை. உப்பைக் கொடுத்துப் பெயரை வாங்கிக்கொண்டு சயாமுக்கு அனுப்பப் போகிறேன் என்று கூலியாட்கள் குடியிருக்கும் லயம் முழுக்கப் பேச்சு. சூடு கண்ட பூனைகள், நான் குறை சொல்லவில்லை. கடைசியில் இருளப்பன் பெண்டாட்டி மருதம்மாள்தான் வந்தாள். "எம்புட்டு கூடைக்கு எம்புட்டு உப்பு?" என்று நேராகக் கேட்டாள். கொடுத்தேன். மறுநாள் அவள் வீட்டுக் குழம்பு வாசனை லயம் தாண்டிப் போயிற்று. அதற்கு மறுநாள் பதினேழு பேர் மூங்கில் வெட்டப் போனார்கள்.

நீ சொன்னது நடக்கிறது. எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. மூங்கில் வெட்டக் கத்தி வேண்டும் என்று கொல்லர் சின்னையாவின் உலை எரிகிறது. அவருக்குக் கரி சுட்டுக் கொடுக்க இரண்டு பேர். கருவாடு வந்த அன்று நாவிதருக்கு ஒரு கூட்டம் தாடியோடு உட்கார்ந்திருந்தது, ஆளுக்கு ஒரு துண்டு கருவாடு கூலி. பழைய வெட்டு நிரையில் பத்து ஏக்கர் மரத்தைச் சாய்த்து மரவள்ளி நட்டிருக்கிறோம். வயிறு நிறைந்தது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் முகம் மாறியிருக்கிறது. நாற்பது கூடை போய்விட்டது, இன்னும் அறுபது கேட்டிருக்கிறார்கள். மூடாக் கருவாட்டில் ஒரு பங்கு ராணுவ அடுப்படிக்கும் போகிறதாம். அது ஒரு வகையில் நல்லது, அதிகாரி குறை சொல்ல முடியாது.

ஒரு சங்கடம் இருக்கிறது. எல்லாரும் வேலை செய்கிறார்கள், ஆனால் காலையில் பெரட்டுக்கு மட்டும் பழையபடி வந்து நிற்கிறார்கள். நின்றுவிட்டுத்தான் மூங்கிலுக்குப் போகிறார்கள். அதிகாரி வருவது விடியற்காலையில். அவர் கண்ணில் படப்போவது அந்த வரிசைதான். வராதீர்கள் என்று சொன்னால், "பெரட்டுக்கு வராதவனுக்குப் பேர் இல்லீங்களே ஐயா" என்கிறார்கள். ரொம்பப் பிடிவாதம் இருளப்பன்தான். நேற்றுத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அன்னிக்கு அண்ணன் ஒரே ஒரு நாளு பெரட்டுக்கு வரல. அண்ணிக்குக் காச்சல், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போச்சு. அந்த ஒரு நாளுக்குத்தான் கப்பல்ல ஏத்திட்டாங்க. நான் ஒரு நாளும் தவற மாட்டேன் ஐயா."

தோட்டம் முழுக்க அப்படித்தான் நம்புகிறது. நீயும் அப்படித்தான் நம்புகிறாய். நானும் அப்படியே நம்பவிட்டு வைத்தேன்.

குணவதி, அது உண்மை இல்லை. அன்று பெரட்டுக்கு வராதவர்கள் ஒன்பது பேர். மற்ற எட்டுப் பேரும் தோட்டத்திலேயே இருந்தார்கள், அவர்களில் நான்கு பேர் இன்னும் இங்கே இருக்கிறார்கள். துரை முப்பது பேர் என்றார். நோயாளிகள், வயதானவர்கள், தாங்களாகவே போகிறேன் என்றவர்கள் என்று இருபத்தொன்பது பேர் ஆயிற்று. முப்பதாவது இடம் ஒரு மாலை முழுக்கக் காலியாக இருந்தது. யாரை வேண்டுமானாலும் எழுதலாம். நான் முருகையா என்று எழுதினேன். வெட்டுக்காரனைக் கட்டிக்கொண்டு லயத்துக்குப் போன என் தங்கை, அவன் போய்விட்டால் என் வீட்டுக்கே திரும்பி வருவாள் என்று நினைத்தேன். அடுத்த கப்பலில் உன் பெயரை எழுதாதவனும் நான்தான்.

விலை விழுந்தது என் தப்பில்லை என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விலை முப்பது என்றுதான் சொல்லிற்று. முருகையா என்று சொல்லவில்லை.

பரஞ்சோதி


பீடோங்
14-6-1943

படித்தேன். இரண்டு நாள் கடை திறக்கவில்லை.

என்னைத் தூக்கிக்கொண்டு போனதால்தான் அவர் போனார், என் காய்ச்சல்தான் அவரைக் கொன்றது என்று பன்னிரண்டு வருஷம் என்னையே தின்றுகொண்டிருந்தேன். நீங்கள் பாடாங் செராயில் உட்கார்ந்து அதைத் தெரிந்துகொண்டே சாப்பிட்டீர்கள், தூங்கினீர்கள். உங்களைத் திட்ட எனக்கு வார்த்தை இருக்கிறது, தெம்பு இல்லை.

வேலையைப் பேசுகிறேன். அறுபது கூடையும் இந்த மாதக் கடைசிக்குள் வேண்டும். அடிப்பாகத்தை இரட்டையாகப் பின்னச் சொல்லுங்கள், ஈரத்தில் விட்டுப் போகிறதாம்.

இன்னொன்று. என்னிடம் சொன்னதை இருளப்பனிடம் சொல்லுங்கள். அண்ணன் போனது பெரட்டுக்கு வராததால் இல்லை என்று தெரிந்தால்தான் அவன் வீட்டில் இருப்பான். வேறு எதைச் சொன்னாலும் கேட்கமாட்டான், எனக்கு அவனைத் தெரியும். பந்திக்கு முந்து படைக்குப் பிந்து என்பார்கள். அவன் படையைப் பந்தி என்று நினைத்து விடியுமுன் போய் முதல் ஆளாக நிற்கிறான். நான் கடிதத்தில் எழுதினால் அவனுக்குப் படிக்கத் தெரியாது, உங்களிடம்தான் கொண்டுவந்து கொடுப்பான். நீங்கள்தான் வாயால் சொல்ல வேண்டும்.

குணவதி


நாலாம் கட்டைத் தோட்டம்
5-7-2603

அன்புள்ள குணவதிக்கு,

அறுபது கூடையும் அனுப்பியிருக்கிறேன், எண்ணி எடுத்துக்கொள். அடி இரட்டைப் பின்னல்தான்.

பெரட்டு விஷயம் ஒரு வழியாக முடிந்தது. அரிசிப் பங்குக்கு மாலையில் வீடு வீடாக வந்து பெயர் பதிகிறேன், காலையில் யாரும் பெரட்டுக் களத்துக்கு வர வேண்டாம், நேராக வேலைக்குப் போங்கள் என்றேன். ஒரு வாரம் முணுமுணுத்தார்கள். இப்போது ஐம்பத்தொன்பது பேர் வருவதில்லை. விடிகாலையில் களம் வெறிச்சென்று கிடக்கிறது. அதைப் பார்க்க எனக்கே என்னவோ போல இருக்கிறது.

இருளப்பன் மட்டும் வருகிறான். தனியாக நிற்கிறான். நான் அவன் பெயரைக் கூப்பிடாமல் இருந்தால் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறான், அதனால் கூப்பிட்டுவிடுகிறேன். "இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

இன்னும் சொல்லவில்லை. இரண்டு தடவை வாயெடுத்தேன். ஒரு தடவை அவன் பெரிய மகள் கூட இருந்தாள். இன்னொரு தடவை அவனே, "கிராணி ஐயா இல்லேன்னா இந்தத் தோட்டமே சயாமுக்குப் போயிருக்கும்" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ஒன்றிரண்டு நாளில் சொல்லிவிடுகிறேன். அதிகாரி மாதக் கடைசியில்தான் வருவார் என்று பேச்சு.

பரஞ்சோதி


பீடோங்
9-7-1943

சொல்லிவிட்டீர்களா? இல்லையென்றால் அடுத்த வண்டியில் நானே வருகிறேன். மாதக் கடைசி என்று எவன் சொன்னான்?

குணவதி


நாலாம் கட்டைத் தோட்டம்
15-7-1943

குணவதிக்கு,

அவர்கள் நேற்று முன்தினம் வந்தார்கள். உன் கடிதம் நேற்று வந்தது.

இன்னும் சரியாக வெளுக்கவில்லை. ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன், களத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். வாளி, கத்தி எல்லாம் வைத்திருந்தான். இன்று சொல்லிவிடுவது என்று படியிறங்கினேன். உண்மையாகவே சொல்லத்தான் இறங்கினேன், நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும். பாதி தூரம் போகுமுன் சடக்கு ரோட்டில் லாரி விளக்குத் தெரிந்தது.

அதிகாரி இறங்கி, வரிசை எங்கே என்று கேட்டார். எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள் என்றேன். நம்பவில்லை. மூங்கில் காட்டுக்கும் மரவள்ளிக் கொல்லைக்கும் நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். ஐம்பத்தொன்பது பேரையும் எண்ணினார். கூடைகளைக் காலால் தள்ளிப் பார்த்தார். ராணுவத்துக்குக் கருவாடு போகிறது என்று சொன்னதும் தலையை ஆட்டினார். எனக்கு உயிர் வந்தது. திரும்பி வந்தால் இருளப்பன் அதே இடத்தில், நின்றபடி நிற்கிறான். பெயர் இன்னும் கூப்பிடவில்லையே.

இவன் யார் என்றார். கூடைக்கட்டு மேஸ்திரி என்றேன், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறவன், என்னிடம் உத்தரவு வாங்க வந்திருக்கிறான் என்றேன். வாய் கூசாமல் பொய் வந்தது. கூட வந்த மொழிபெயர்ப்பாளனுக்குத் தமிழ் தெரியும். அவன் நேராக இருளப்பனிடமே போய், "ஒனக்கு என்ன வேல?" என்று கேட்டான்.

இருளப்பன் நிமிர்ந்து நின்றான். "பால்மரம் வெட்டறேங்க. பத்தொம்பது வருசமா வெட்டறேன். ஒரு நாளு பெரட்டு தவறினதில்ல" என்றான்.

பால் வெட்டு நின்று எத்தனை நாளாயிற்று என்று அவர்களுக்குத் தெரியாதா? அதிகாரி என்னை ஓங்கி அறைந்தார். இடது காது இன்னும் கேட்கவில்லை. அவனை லாரியில் ஏறச் சொன்னார்கள். வாளியை என்ன செய்வது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்தான்.

லாரியில் வேறு தோட்டத்து ஆட்கள் பதினொரு பேர் இருந்தார்கள். வண்டி கிளம்பப் போகிற நேரத்தில்தான் எனக்கு வாய் திறந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். உன் அண்ணன் முருகையா போனது பெரட்டுக்கு வராததால் இல்லை, முப்பதாவது இடத்தில் நான்தான் எழுதினேன் என்றேன். அவன் என்னைத் திட்டவில்லை. "அப்ப நான் இன்னிக்கு வீட்டுலயே இருந்திருக்கலாம் போல, கிராணி ஐயா" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். வண்டி போய்விட்டது.

இருபத்தைந்து பேரைக் கேட்ட தோட்டத்திலிருந்து ஒருவன்தான் போனான். லயத்தில் சிலர் என்னைத் தேடி வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். மருதம்மாள் இன்னும் வரவில்லை. அவள் வீட்டுப் பக்கம் போக எனக்குத் தைரியம் இல்லை. அவளிடம் பெரட்டில் நின்றதால் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல்.

பரஞ்சோதி


பீடோங்
19-7-1943

அண்ணனுக்கு,

கடிதத்தைச் சுப்பிரமணியம் கொடுக்கும்போதே அவர் முகத்தில் தெரிந்துவிட்டது. கடைக்குள் நான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எழுந்து போகும்வரை பரிமாறினேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முருகையாவுக்கு அழுதபோதுகூட இப்படிச் சத்தம் போட்டு அழவில்லை.

யார்மேல் கோபப்படுவது என்று யோசித்து யோசித்துக் களைத்துவிட்டேன். அமெரிக்காவில் கார் வாங்காதவன் மேலா, சண்டை போடுகிற ராஜாக்கள் மேலா? அவர்கள் யாரும் என் கைக்கு எட்டமாட்டார்கள். எட்டுகிற தூரத்தில் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். நீங்கள் பதினைந்து நாள் முந்திப் பேசியிருந்தால் அவன் இன்று மூங்கில் வெட்டிக்கொண்டிருப்பான். அவனுக்காகப் பொய் சொல்லி அடி வாங்கினீர்கள். அதையும் நான் மறக்கமாட்டேன். இரண்டும் உண்மைதான், ஒன்றைக் கொண்டு இன்னொன்றை நேர் செய்ய முடியாது.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். கூடை வேலையை நிறுத்தாதீர்கள். ஆள் போய்விட்டான் என்று பயந்து லயத்துச் சனம் மறுபடி கையை மூடிக்கொள்ளும். மூடவிடக் கூடாது. அவர்கள் வேலையில்லாமல் நின்றால் அடுத்த லாரிக்கு இருபத்து நான்கு பேர் தயார். மூடாக்காரர்கள் எண்பது கூடை கேட்டிருக்கிறார்கள். பரணில் இனி உப்பு இல்லை, ஆனால் அவர்களே முன்பணமாகக் கருவாடு அனுப்புகிறார்கள். இந்த வண்டியில் வருகிறது.

அரிசிப் பட்டியலில் இருளப்பன் பெயரை அடிக்காதீர்கள். கப்பல் பினாங்கை விட்டுக் கிளம்புமுன்பே என் வீட்டுக்காரர் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டீர்கள் என்று அப்போது, ஆட்களை வேலை வாங்குகிற தண்டலின் பெண்டாட்டி வந்து சொன்னாள். இருளப்பன் பெயரில்தான் மருதம்மாளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அரிசி வர வேண்டும். கேட்டால் உங்களுக்கு மறுபடி அடி விழும். விழட்டும்.

வெள்ளிக்கிழமை சுப்பிரமணியத்தின் வண்டியில் நான் அங்கே வருகிறேன். மருதம்மாளோடுதான் தங்குவேன். அவன் திரும்பி வருகிறவரை, வராவிட்டாலும், நான் அவளோடு இருப்பேன்.

நான் வருவதற்குள் முப்பதாவது பெயரைப் பற்றி நீங்கள் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். லாரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்ன மாதிரி இல்லை, அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும்படி. அவள் உங்களை அடித்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லவில்லையென்றால் நான் சொல்வேன். ஆனால் அதற்குப் பிறகு உங்களை அண்ணன் என்று என்னால் எழுத முடியாது.

குணவதி